ஒற்றை முடித் தூரிகை: ஒரு பாராட்டின் குறை

முகலாய, ஈரானிய நுண்ணோவியங்களைக் குறித்து எழுதப்படும் கட்டுரைகளிலும் கண்காட்சி விளக்கங்களிலும் அடிக்கடி இடம்பெறும் பாராட்டு ஒன்று உண்டு. ‘ஒற்றை முடியாலான தூரிகையைக் கொண்டு வரையப்பட்டது’ என்பதே அது. ஒரு குதிரையின் பிடரியையோ முதியவர் ஒருவரின் தாடியையோ மானின் இமையையோ காட்டி இவ்வாறு சொல்லிவிட்டால் பார்ப்போர் வியந்து நிற்பர். அதற்கு மேல் ஒன்றும் கேளார். வியப்பு நல்லதே. ஆயினும் கேள்வியை அடக்கிவிடும் வியப்பு திறனாய்வுக்கு உதவுவதில்லை. இந்தப் பாராட்டு உண்மைதானா, உண்மை அன்றெனில் எவற்றையெல்லாம் அது நம் பார்வையிலிருந்து மறைத்துவிடுகிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் முடிவை முன்னதாகவே கூறிவிடுகிறோம். நல்ல தூரிகை ஒற்றை முடியில் முடிகிறது. ஒற்றை முடியால் ஆவதில்லை. சொல்லளவில் இவ்வேறுபாடு சிறிது. ஆனால் இதை உணர்ந்தவருக்கே தூரிகையைத் தேர்ந்தெடுக்கவும் பேணவும் கைவரும். அத்தூரிகையால் எழுதப்பட்ட ஓவியத்தை உள்ளபடி மதிப்பிடவும் கைவரும்.

கலம் என்னும் பெயர்

அரபியில் ‘கலம்’ என்றால் எழுதுகோல். தமிழில் அச்சொல் பாத்திரத்தையும் மரக்கலத்தையும் குறிப்பதால் வாசகர்கள் மயங்க வேண்டியதில்லை. அருள்மறையின் 68-ஆம் அத்தியாயம் அப்பெயராலேயே வழங்குகிறது. எழுதுகோலின் மீது சத்தியமிட்டுத் தொடங்குகிறது. முதன்முதலில் அருளப்பெற்றவை எனக் கொள்ளப்படும் 96-ஆம் அத்தியாயத்தின் தொடக்க வசனங்களிலும் எழுதுகோலைக் கொண்டு கற்பித்தல் பேசப்படுகிறது. எனவே எழுத்தணிக் கலைஞருக்கு முஸ்லிம் சமூகங்களில் கிடைத்த மதிப்பு இயல்பானது. ஓவியருக்கு அம்மதிப்பு அத்துணை எளிதில் கிட்டவில்லை.

உயிருள்ளவற்றின் உருவங்களை வரைவது பற்றி மார்க்க அறிஞர்கள் விதித்த தடையும் அதில் எழுந்த கருத்து வேறுபாடுகளும் தனி ஆய்வுக்குரியவை. அவற்றினுள் இங்கு நாம் நுழையவில்லை. தூரிகை உருவம் வரைபவரிடம் மட்டும் இருந்த கருவியன்று என்பதைச் சுட்டினால் போதும். குர்ஆன் பிரதிகளின் முகப்புப் பக்கங்களையும் அத்தியாயத் தலைப்புகளையும் பொன்னாலும் நீலத்தாலும் அணிசெய்தவர்கள் ‘தத்ஹீப்’ கலைஞர்கள். அவர்களின் கையிலும் இருந்தது உரோமத் தூரிகையே.

ஈரானில் 1590-களில் ‘குலிஸ்தானே ஹுனர்’ என்னும் நூலை எழுதிய காஜி அஹ்மத், கலத்தை இருவகையாகப் பிரித்தார். ஒன்று தாவரத்திலிருந்து வருவது. அது நாணல் எழுதுகோல். மற்றொன்று விலங்கிலிருந்து வருவது; அது உரோமத் தூரிகை. இப்பகுப்பின் வழியே ஓவியர் எழுத்தணிக் கலைஞரின் உடன்பிறப்பானார். முகலாய அரசவையிலும் இவ்வுறவு நிலைபெற்றது. ஓவியர் அப்துஸ் ஸமதுக்கு ‘ஷீரீன் கலம்’ என்ற பட்டம். எழுத்தணிக் கலைஞர் முஹம்மத் ஹுஸைன் காஷ்மீரிக்கு ‘ஸர்ரீன் கலம்’ என்ற பட்டம். ஒன்று இனிய கலம், மற்றது பொற்கலம். ஓவியப் பாணிகளையே ‘முகலாய கலம்’, ‘தக்காண கலம்’, ‘காங்க்ரா கலம்’ என்று வழங்கும் மரபும் இதன் தொடர்ச்சியே. நாம் நன்கறிந்த ‘கலம்காரி’ என்னும் துணி ஓவியத்தின் பெயரிலும் இக்கலமே இருக்கிறது. சித்திரம் ‘எழுதுதல்’, கண்ணுக்கு மை ‘எழுதுதல்’ என்று பேசும் தமிழருக்கு, வரைவதும் எழுதுவதும் ஒன்றே என்னும் இக்கருத்து அந்நியமாகத் தோன்றாது.

காஜி அஹ்மதின் பகுப்பு அழகியது. எனினும் அது உறவைக் காட்டிய அளவுக்கு வேற்றுமையைக் காட்டவில்லை என்பது நம் மதிப்பீடு. நாணல் எழுதுகோல் ஒரே உடல் கொண்டது. அதன் முனை மழுங்கினால் கத்தியால் சீவிப் புதிய முனை பெறலாம். உரோமத் தூரிகையோ ஒரு கூட்டம். ஒவ்வொரு முடியும் பிறப்பிலேயே நுனி நோக்கிக் குறுகி வருவதால்தான் அக்கூட்டத்துக்குக் கூர்மை அமைகிறது. அந்நுனியைக் கத்தரித்தால் இயற்கைக் கூர்மை போய்விடும். எந்தக் கத்தியாலும் அதை மீண்டும் ஆக்க முடியாது. சீவிப் புதுப்பிக்கத்தக்க கருவிக்கும், உள்ளதைக் காத்துக்கொள்ளவே வேண்டிய கருவிக்கும் இடையே ஒழுக்கத்தில் பெரும் வேறுபாடு உண்டு. அவ்வேறுபாட்டைக் காணாதவர்களே ‘ஒற்றை முடி’ என்று பேசுகின்றனர்.

முனையும் வயிறும்

தூரிகையில் வண்ணத்தைத் தாங்கி நிற்பது முனையன்று. முனைக்குப் பின்னால் சற்றே பருத்திருக்கும் பகுதி. ஓவியர் வழக்கில் அதற்கு வயிறு என்று பெயர். நெருங்கி நிற்கும் முடிகளின் இடைவெளிகளில் நீர் தானே ஏறித் தங்குகிறது. முனை தாளைத் தொட்டதும் சிறிது சிறிதாக இறங்குகிறது. ஒரே ஒரு முடியை எடுத்து வண்ணத்தில் தோய்த்தால் அதில் தங்குவது மெல்லிய ஈரப்பூச்சு மட்டுமே. தாளில் வைத்தவுடன் அது தீர்ந்துவிடும். முடியும் தாங்க ஆளின்றி வளைந்துவிடும். ஒரு விரற்கடை நீளத்துக்குக்கூட அதனால் சீரான கோடு இழுக்க முடியாது.

ஈரானின் ஷாஹ் அப்பாஸுடைய நூலகத்துக்குத் தலைமை வகித்த ஓவியர் ஸாதிகீ பேக், ஓவியக் கலையின் விதிகளை ‘கானூனுஸ் ஸுவர்’ என்னும் பாரசீகச் செய்யுள் நூலில் தொகுத்தார். மாணவருக்கு அவர் கூறுவனவற்றுள் தூரிகை கட்டும் முறையும் ஒன்று. அதற்கு அவர் பரிந்துரைப்பது அணிலின் வால் உரோமம். முகலாய, ராஜஸ்தானிய மரபுகளிலும் இதுவே வழக்கமாயிற்று. வாலிலிருந்து எடுத்த உரோமத்தைச் சீவி அடிப்பஞ்சு போன்ற குறுமயிரை நீக்குவர். எஞ்சியவற்றை நீளவாரியாகப் பிரித்து, நுனிகள் ஒன்றுகூடுமாறு அடுக்கி, அடியில் நூலால் கட்டுவர். புறாவின் இறகுக் குழலை நீரில் ஊறவைத்து இளக்கி, அகன்ற வாய் வழியே கட்டினைச் செலுத்திக் குறுகிய வாய் வழியே நுனியை வெளியே இழுப்பர். குழல் உலரும்போது சுருங்கி முடிகளை இறுகப் பற்றிக்கொள்ளும். மறுமுனையில் ஒரு மரக்குச்சியைச் செருகினால் தூரிகை ஆயத்தமாகிவிடும். 1400-ஆம் ஆண்டையொட்டி இத்தாலியில் எழுதிய சென்னினோ சென்னினியும் அணில் வாலையும் பறவை இறகுக் குழலையும் கொண்ட இதே போன்ற முறையை விவரிக்கிறார் என்பது ஒப்பு நோக்கத்தக்கது.

இவ்வாறு கட்டப்பட்ட தூரிகையை ஈரமாக்கினால் முடிகள் யாவும் ஒன்றையொன்று தழுவி, இறுதியில் ஓரிரு முடிகளின் நுனியாக ஒடுங்கும். ‘ஒற்றை முடி’ என்ற பேச்சுக்கு அடிப்படை இதுவே. கண்ணுக்குத் தெரிவது ஒன்று; அதை நிமிர்த்தி நிறுத்துவதும் அதற்கு ஊட்டுவதும் பின்னால் நிற்கும் பல.

தேர்ந்தெடுத்தல்

மேற்கண்ட உண்மை தெரியாதவர் கடையில் செய்யும் பிழை, இருப்பவற்றுள் மிக மெலிந்த தூரிகையைக் கேட்பது. எண்ணில் எத்தனை சுழியங்கள் இருக்கின்றனவோ அத்தனை நுணுக்கம் கிடைக்கும் என்று அவர் கருதுகிறார். அந்த எண்கள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபடுவன. மேலும் அவை பருமனைச் சொல்லுமேயன்றி முனையின் தரத்தைச் சொல்லமாட்டா. வயிறில்லாத மெலிந்த தூரிகையில் வண்ணம் உடனே உலர்ந்துபோவதால் கோடு நடுவழியில் நின்றுவிடும். நின்ற இடத்தில் மீண்டும் தொடங்கினால் முடிச்சு விழும். சற்றே பருத்து, நல்ல முனை கொண்ட தூரிகை இதைவிட நுண்ணிய கோட்டைத் தரும், நீளமாகவும் தரும்.

ஆகவே சோதிக்க வேண்டியவை மூன்று. முதலாவது முனை: புதுத் தூரிகையில் பூசியிருக்கும் பசையைத் தூய நீரில் கரைத்துவிட்டு ஒரு முறை உதறினால், கைபடாமலே முடிகள் ஒரே நுனியாகக் கூட வேண்டும், இரண்டாகப் பிரிந்தால் அத்தூரிகை கோட்டு வேலைக்கு ஆகாது. இரண்டாவது வயிறு: ஒரு முறை தோய்த்த வண்ணம் சீராக இறங்குகிறதா என்று நீண்ட கோடு ஒன்றை இழுத்துப் பார்க்க வேண்டும். மூன்றாவது மீட்சி: நகத்தின்மேல் மெல்ல அழுத்தி எடுத்தால் முனை தன் நிலைக்குத் திரும்ப வேண்டும்.

இம்மூன்றும் எல்லா உரோமங்களிலும் ஒரே அளவில் அமைவதில்லை. சைபீரிய மரநாய் இனத்தைச் சேர்ந்த ‘கோலின்ஸ்கி’யின் வால் உரோமம் மீட்சியில் சிறந்தது, ஐரோப்பிய நீர்வண்ண ஓவியர் அதையே உயர்வாகக் கருதுகின்றனர். அணிலின் உரோமம் மிக மென்மையானது, நீரை நிறையத் தாங்கும், மீட்சி குறைவு. நுண்ணோவியருக்கு இக்குறையே நிறைவாகிறது. பல அடுக்குத் தாள்களைப் பசையால் ஒட்டி, அக்கீக் போன்ற வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றிய ‘வஸ்லி’ என்னும் அட்டையில் அவர் வரைகிறார். ஏற்கெனவே இட்ட வண்ணத்தின்மேல் ‘பர்தாக்த்’ என்னும் நுண்புள்ளிகளையும் சிறு கீற்றுகளையும் ஆயிரக்கணக்கில் அடுக்குகிறார். விறைப்பான முடி அடியிலுள்ள பூச்சைச் சுரண்டிவிடும். மென்மையான முடி அதைத் தொட்டும் தொடாமலும் செல்லும். தூரிகையில் இல்லாத மீட்சியை ஓவியரின் விரல்கள் ஈடுசெய்கின்றன. அதற்குத்தான் ஆண்டுக்கணக்கான பயிற்சி.

பேணுதல்

தூரிகையைக் கெடுப்பது வரைதலைவிட வரைந்தபின் காட்டும் அசட்டையே. நுண்ணோவிய வண்ணங்களில் சேர்க்கப்படும் வேலம்பிசின் முடிகளின் அடியில், குழலின் வாயருகே, தங்கி இறுகும். இறுகினால் முடிகள் அகன்று நிற்கும். அடி அகன்றால் முனை பிளக்கும். ஆகவே முனை மட்டும் வெளுத்தால் போதாது. அடிவரை வண்ணம் நீங்கும்படி தூய குளிர்ந்த நீரில் அலச வேண்டும். வெந்நீர் ஆகாது, அது கட்டினையும் ஒட்டினையும் தளர்த்தும். நீர்க்கிண்ணத்தில் தலைகீழாக நிறுத்தி வைத்தல் பெருந்தவறு. முனை ஒரு முறை வளைந்து காய்ந்துவிட்டால் நேராவது அரிது.

அலசியபின் முனையை உதட்டில் வைத்துக் கூர்மையாக்கும் பழக்கம் ஓவியர் பலரிடம் உண்டு. இப்பழக்கத்தை மரபு என்று சொல்லி நியாயப்படுத்துவதற்கு நாம் உடன்படோம். பழைய வண்ணங்களில் மஞ்சளுக்குரிய அரிதாரம் பாஷாணச் சேர்க்கை. சிவப்புக்குரிய சாதிலிங்கம் பாதரசச் சேர்க்கை. ஈய வெள்ளை பெயரிலேயே தன் நஞ்சைக் கூறிவிடுகிறது. முன்னோர் அறியாது செய்ததை அறிந்தபின்னும் செய்வது மரபைப் பேணுவதாகாது. ஈரமான மெல்லிய துணியும் விரல்நுனியும் அவ்வேலைக்குப் போதும்.

பொன்னுக்கு ஒரு தூரிகை, வெள்ளைக்கு ஒன்று, ஏனைய வண்ணங்களுக்கு வேறு என்று பிரித்து வைத்தல் நலம். முடிகளிடையே தங்கிய பொற்றுகள் அடுத்த வண்ணத்தில் மின்னும். தங்கிய கருமை வெள்ளையை அழுக்காக்கும். நன்கு உலர்ந்த பின்னரே ‘கலம்தான்’ என்னும் பேழையில் இட வேண்டும். ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடிக்கும். நெடுநாள் தொடாமல் வைத்தால் பூச்சிப் புழு முடியை அரித்துவிடும். முனை போன தூரிகையை எறிய வேண்டியதும் இல்லை. கோடு இழுக்கும் பணியிலிருந்து அது விலகி, பரந்த வண்ணம் பூசும் பணிக்குச் செல்லும். பின்பு வண்ணம் குழைக்கும் பணிக்குச் செல்லும். முதுமை எய்திய கருவிக்கும் அதற்கேற்ற வேலை ஒன்றைத் தேடித் தரும் பண்பு, நல்ல ஓவியக்கூடத்தின் அடையாளம்.

முனைக்குப் பின்னால் நின்ற கைகள்

தூரிகையைப் பற்றிய இவ்வுண்மை ஓவியக்கூடத்துக்கும் அப்படியே பொருந்துகிறது. தைமூரிய இளவரசர் பாய்ஸுன்குருக்கு ஹெராத் நகரின் ‘கிதாப்கானா’விலிருந்து 1427–28-ஐ ஒட்டி அனுப்பப்பட்ட அறிக்கை ஒன்று இஸ்தான்புல்லின் தோப்காபி அரண்மனைத் தொகுப்பில் எஞ்சியுள்ளது. எந்த நூலின் எந்தப் பக்கம் எவர் கையில் எந்நிலையில் இருக்கிறது என்பதை அது ஒவ்வொன்றாகக் கூறுகிறது. ஓவியர், எழுத்தணிக் கலைஞர், பொன் அணிசெய்வோர், நூற்கட்டுநர் ஆகிய அனைவரும் அதில் வருகின்றனர். கலைக்கூடம் ஒன்றின் அன்றாடத்தை இத்துணைத் தெளிவாகக் காட்டும் ஆவணம் அக்காலத்தில் அரிது.

அக்பர் கால நூல்களில் இது இன்னும் வெளிப்படை. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள அக்பர்நாமா பிரதி 116 ஓவியங்களைக் கொண்டது. அதன் ஓரங்களில் எழுத்தர் குறித்துவைத்த பெயர்கள் பலவிடத்தும் இரண்டாகவோ மூன்றாகவோ உள்ளன. ‘தர்ஹ்’ எனப்படும் அமைப்பு ஒருவருடையது. ‘அமல்’ எனப்படும் வண்ணவேலை இன்னொருவருடையது. சிலவற்றில் முகங்களை மட்டும் வரைந்தவர் மூன்றாமவர். அக்பர் மதங்கொண்ட ஹவாயீ என்னும் யானையை அடக்கும் புகழ்பெற்ற காட்சியை அமைத்தவர் பஸாவன். வண்ணம் இட்டவர் சதர் முனி. அவ்வோவியத்தைப் பஸாவனின் படைப்பு என்று மட்டும் எழுதிச் செல்லும் திறனாய்வு, பாதி உண்மையையே கூறுகிறது. தாளை ஒட்டி மெருகேற்றியவர், வண்ணக் கல்லை அரைத்தவர், தூரிகை கட்டியவர் ஆகியோரின் பெயர்களோ ஓரத்திலும் இல்லை.

ஜஹாங்கீர் காலத்தில் நிலைமை மாறித் தனி ஓவியரின் புகழ் ஓங்கியது என்பர். அது உண்மையே. 1618-இல் அபுல் ஹஸனுக்கு ‘நாதிருஸ் ஸமான்’ என்ற பட்டத்தை அவர் அளித்தார். மன்ஸூருக்கு ‘நாதிருல் அஸ்ர்’ என்ற பட்டத்தை அளித்தார். பெயர் சொல்லப்படாமலே எந்த ஓவியம் எவருடையது என்று தம்மால் கூற இயலும் என்று தம் நினைவுக் குறிப்பில் பெருமிதம் கொள்கிறார். ஆனால் அப்பெருமிதத்தின் பிற்பகுதியை எடுத்துக்காட்டுவோர் குறைவு. ஒரு முகத்தை ஒருவரும், அம்முகத்தின் கண்ணையும் புருவத்தையும் வேறொருவரும் வரைந்திருந்தால் அதனையும் தம்மால் பிரித்தறிய முடியும் என்கிறார் அவர். ஒரு முகத்திலேயே இரு கைகள் கூடும் வழக்கம் இருந்ததாலன்றோ அவ்வாறு சொல்லத் தோன்றியது! தனி மேதையைப் போற்றிய பேரரசரின் சொல்லே கூட்டுழைப்புக்குச் சான்றாகிறது.

கெய்ரோவிலுள்ள 1488-ஆம் ஆண்டின் ‘பூஸ்தான்’ பிரதியில் பிஹ்ஸாத் இட்ட கையொப்பம் ‘அமலுல் அப்த் பிஹ்ஸாத்’ என்பது. ‘அடியான் பிஹ்ஸாதின் வேலை’ என்பது அதன் பொருள். தேடிப் பார்த்தாலன்றிக் கண்ணில் படாத சிறு எழுத்துகளில் அது மறைந்திருக்கிறது. தம் காலத்தின் தலைசிறந்த ஓவியர் தம்மை முனையாக நிறுத்திக்கொள்ளவில்லை. பிற்காலத்து எழுத்தாளர்களே அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தினர்.

அணிலின் பங்கு

லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த முகலாய ஓவியம் ஒன்று உண்டு. பொன்னிறப் பின்னணியில் ஒரு சினார் மரம்; கிளைதோறும் அணில்கள்; அடியில் மரமேற முயலும் ஒரு வேடன். அபுல் ஹஸன் வரைந்தது என்று பெரும்பாலும் கூறப்படுகிறது. பின்புறக் குறிப்பில் உள்ள பட்டம் மன்ஸூருடையது என்பதால் இருவரும் இணைந்து வரைந்ததாகக் கருதுவோரும் உளர். அணில்கள் நம் ஊர் வரி அணில்கள் அல்ல. செந்நிறமான வெளிநாட்டு இனம். அவற்றின் உரோமம் கீற்றுக் கீற்றாக, ஒன்றன்மேல் ஒன்றாக, வாலில் மட்டும் சற்றே நீண்டு வரையப்பட்டிருக்கிறது.

அணிலின் வாலைக் கொண்டே அணிலின் வால் வரையும் மரபைச் சேர்ந்தது இவ்வோவியம். வேடனின் நீட்டிய கைக்கு எட்டாமல் அவை மேலே துள்ளுகின்றன. ஓவியர் இதை எண்ணித்தான் வரைந்தாரா என்பதை நாம் கூற இயலாது. பார்ப்பவர் எண்ணத்தான் வேண்டும் என்பது நம் கருத்து. ‘ஒற்றை முடி’ என்னும் பாராட்டு கைகளை மறைப்பதுபோலவே, அம்முடி எந்த உயிரிடமிருந்து எப்படி வந்தது என்ற கேள்வியையும் மறைத்துவிடுகிறது.

இக்கேள்விக்கு ஃபிக்ஹு நூல்களில் கூர்மையான விடை உண்டு. உரோமத்தில் உயிரில்லை என்பதால் பன்றியினுடையது தவிர ஏனையவற்றின் உரோமம் தூய்மையானது என்பர் ஹனஃபீ அறிஞர்கள். ஷாஃபிஈ மத்ஹபில் சட்டம் இன்னும் நுணுக்கமானது. உண்ண அனுமதிக்கப்பட்ட பிராணி உயிருடன் இருக்கையில் எடுத்த உரோமம் தூய்மையானது. முறைப்படி அறுக்கப்படாமல் செத்ததன் உரோமம் அசுத்தமானது. ‘சின்ஜாப்’ எனப்படும் அணில் அம்மத்ஹபின் வலுவான கருத்துப்படி உண்ண அனுமதிக்கப்பட்ட பிராணியே. ஆக, உயிருள்ள அணிலின் வாலிலிருந்து சில முடிகளைக் கத்தரித்தெடுத்து அதை ஓடவிடுபவரின் தூரிகை தூய்மையானது. அதை அடித்துக் கொன்று வாலைப் பறித்தவரின் தூரிகை, குர்ஆன் பக்கத்தைப் பொன்னால் அணிசெய்ய எடுக்கத் தகாதது. தூய்மை பற்றிய ஒரு சட்டம், உயிர் மீதான இரக்கத்துக்கும் துணை நிற்பதை இங்கே காண்கிறோம். முடி மீண்டும் முளைக்கும்; உயிர் மீளாது.

இக்கேள்வி இன்றைக்கு ஏட்டளவில் நிற்பதன்று. பள்ளிப் பிள்ளைகள் முதல் ஓவியர்வரை வாங்கும் தூரிகைகளுக்காக இந்தியாவில் கீரிகள் பெருமளவில் கொல்லப்பட்டு வந்துள்ளன. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கீரி பாதுகாக்கப்பட்ட விலங்கு. அதன் உரோம வணிகம் குற்றம். இருந்தும் 2019-இல் வனவிலங்குக் குற்றத் தடுப்பு அமைப்பு பல மாநிலங்களில் நடத்திய சோதனைகளில் பல்லாயிரம் கீரி உரோமத் தூரிகைகள் சிக்கின. கீரியை வளர்த்து உரோமம் எடுப்பதில்லை. காட்டிலும் வயலிலும் பிடித்துக் கொன்றே எடுக்கின்றனர். மலேசியாவில் 2017 பிப்ரவரியில் பன்றி உரோமத் தூரிகைகள், அவ்வாறு குறிக்கப்படாமல் விற்கப்பட்டதற்காக, ஈராயிரம் அளவில் பறிமுதலாயின. தூய்மையைக் கேட்கும் நாம் கொலையையும் கேட்க வேண்டாமா? செயற்கை இழைத் தூரிகைகள் இப்போது எளிதில் கிடைக்கின்றன. நீரைத் தாங்குவதில் அவை அணில் உரோமத்துக்கு ஈடாகா என்பது மெய். ஆயினும் பயிற்சி பெறும் மாணவருக்கும் பரந்த பூச்சுக்கும் அவை தாராளமாகப் போதும். உயர்ந்த கருவி தேவைப்படும் கை அதற்குரிய தகுதியை அடையும்வரை எந்த உயிரும் அதற்காக வருந்த வேண்டியதில்லை.

லாகூரின் தேசியக் கலைக் கல்லூரியில் 1980-களில் ஓவியர் பஷீர் அஹ்மதின் முயற்சியால் நுண்ணோவியம் தனிப் பட்டப் பாடமாயிற்று. அங்கு மாணவர்கள் தரையில் அமர்ந்து, சிப்பி ஓடுகளில் வண்ணம் குழைத்து, அணில் உரோமத் தூரிகையைத் தாமே கட்டக் கற்றனர். ஷாஸியா ஸிக்கந்தர் 1989–90-இல் அங்கு வரைந்த ‘சுருள்’ என்னும் பட்டப்படிப்பு ஓவியம், ஏறத்தாழ 5 அடி நீளத்துக்கு ஒரு வீட்டின் அன்றாடத்தை விரித்துக் காட்டி உலகக் கவனத்தை ஈர்த்தது. அதைப் பாராட்டியோர் அதன் புதுமையைப் பேசினர். தம் தூரிகையைத் தாமே கட்டத் தெரிந்த தலைமுறையின் வேலை அது என்பதையும் சேர்த்துப் பேசியிருக்கலாம். கட்டத் தெரிந்தவருக்கே ஒரு முனைக்குப் பின்னால் எத்தனை முடிகள் வேண்டும் என்பது தெரியும்.

திறனாய்வாளரிடம் ஒரு வேண்டுகோள்

ஒற்றை முடிப் பாராட்டு ஓவியருக்குச் செய்யும் மரியாதை என்று கருதுவோர் இருக்கக்கூடும். கசகசா விதையின்மேல் அப்துஸ் ஸமத் ஒரு சூராவை எழுதினார் என்ற கதையும் அவ்வகையில் சொல்லப்படுவதே. இத்தகைய அதிசயச் செய்திகளால் கலைஞர் மந்திரவாதியாகிறார். அவர் கற்ற கல்வி மறைந்துபோகிறது. அதிசயத்தைக் கற்பிக்க முடியாது. கல்வியைக் கற்பிக்க முடியும். முடியைத் தெரிந்தெடுக்கும் கண், கட்டும் விரல், அலசும் பொறுமை, பகிர்ந்து உழைக்கும் பணிவு ஆகிய இவையெல்லாம் கற்பிக்கத்தக்கவை. பாராட்டு இவற்றின்மேல் அமைந்தால் அடுத்த தலைமுறைக்குக் கைகொடுக்கும்.

ஆகவே நுண்ணோவியத்தைக் குறித்து எழுதுவோரிடம் நாம் வேண்டுவது இதுதான். ஒரு தாடியின் நுண்கோட்டைக் கண்டு வியக்கும்போது, அக்கோடு எவ்வளவு நீளம் முறியாமல் செல்கிறது என்றும் பார்த்துச் சொல்லுங்கள். தூரிகையின் வயிறு அதில் தெரியும். ஓரத்திலுள்ள பெயர்களை முழுமையாகப் படித்துச் சொல்லுங்கள். கூடி உழைத்தவர்கள் அதில் தெரிவர். எந்த உரோமம் என்று தெரியுமாயின் அதனையும் எழுதுங்கள். மாணவருக்குத் தூரிகை வாங்கித் தரும் ஆசிரியர்கள், கடைக்காரரிடம் விலையைக் கேட்பதற்கு முன்னர் அது எந்த உயிரின் உரோமம் என்று கேட்கும் வழக்கத்தை இன்றே தொடங்கலாம்.